எக்ஸ்ரே, சிடி, வி-க்யூ ஸ்கேன்: மூச்சு வாங்கும்போது எதை எடுப்பது?

"எது பெரிய ஸ்கேனோ அதையே நேராக எடுத்துவிடலாமே, எதற்கு ஒவ்வொன்றாக அலைய வேண்டும்?"

நுரையீரல் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர்களின் தவிப்பு புரிகிறது. வீட்டில் ஒருவருக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, நார்மல் என்று வந்துவிட்டது. ஆனாலும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாதபோது, இருப்பதிலேயே பெரிய மெஷினில் படுக்க வைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மனசு நினைக்கிறது.

அப்படித் தெரிந்துவிடாது. ஒரே சிடி மெஷினில் நெஞ்சை மூன்று நான்கு விதமாகப் படம் எடுக்கலாம். ஒரு விதத்தில் பளிச்சென்று தெரிவது இன்னொரு விதத்தில் கண்ணுக்கே படாது. ஆகவே எந்த ஸ்கேன் என்று யோசிப்பதற்கு முன்னால், எதைத் தேடுகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நுரையீரலுக்குள் இரண்டு மரங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்று போய்வரும் மூச்சுக்குழல் மரம். மற்றொன்று, இதயத்தின் வலது பக்கத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி மரம். இரண்டும் கிளைத்துக் கிளைத்து, கடைசியில் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரில் சந்திக்கின்றன. நோய் காற்று மரத்தில் இருக்கலாம், ரத்த மரத்தில் இருக்கலாம், நடுவில் உள்ள சுவரில் இருக்கலாம், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையிலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற படம் வேறு. ஆஸ்துமா போன்ற சிலவற்றுக்குப் படமே முக்கியமில்லை. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிதான் அங்கே பேசும். ஊதிப் பார்க்காமலே சிடி வரைக்கும் வந்துவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

எக்ஸ்ரே: முதல் படி, ஆனால் கடைசிப் படி அல்ல

1895-ல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின் எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன. இன்றும் நெஞ்சுக்கு முதலில் எடுப்பது எக்ஸ்ரேதான், அதில் நியாயம் இருக்கிறது. நேராக நின்று எடுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம் உடம்பில் படும் கதிர்வீச்சு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒரு எக்ஸ்ரே என்பது சும்மா மூன்று நாள் வாழ்ந்ததற்குச் சமம். நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது, நுரையீரல் சுருங்கிக் காற்று வெளியே நிற்பது, ஓரளவு பெரிய புற்றுக்கட்டி, இதய வீக்கம் எல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அதன் குறை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுந்துவிடுவது. இதயத்துக்குப் பின்னால் ஒரு பகுதி, உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழே ஒரு பகுதி, காறை எலும்புக்குப் பின்னால் நுரையீரலின் உச்சி. இந்த மூன்று இடங்களிலும் ஒரு புற்றுக்கட்டி மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். நுரையீரல் சுவர் தடிக்கும் நோய்கள் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் கட்டியோ எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியவே தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். ஒருவருக்கு நன்றாக மூச்சு வாங்குகிறது, விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றால், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அதற்கு அர்த்தமில்லை. காற்று மரத்தில் கோளாறு பெரிதாகத் தெரியவில்லை, ரத்த மரத்தைப் போய்ப் பாருங்கள் என்றுதான் அந்தப் படம் சொல்கிறது.

திடீர் ரத்தக்கட்டி: சிடி ஆஞ்சியோவா, வி-க்யூவா?

காலின் ஆழமான சிரைகளில் உருவாகும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு மேலே வந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்வது உயிருக்கு ஆபத்தான நிலை. நெஞ்சு வலி, திடீர் மூச்சிரைப்பு, படபடப்பு, சில நேரம் இருமும்போது ரத்தம். இங்கேதான் எந்த ஸ்கேன் என்ற கேள்விக்குக் கனம் அதிகம்.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. சந்தேகம் எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார். வெல்ஸ் மதிப்பெண் என்று பெயர். கால் வீக்கம், நாடித் துடிப்பு 100-ஐத் தாண்டியிருப்பது, கடந்த 4 வாரத்தில் அறுவை சிகிச்சை, முன்பு ரத்தக்கட்டி வந்திருப்பது, புற்றுநோய் போன்றவற்றுக்கு மதிப்பெண். அது குறைவாக இருந்து, ரத்தக்கட்டி கரையும்போது வெளிவரும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் வரம்புக்குள் இருந்தால் ஸ்கேனே வேண்டாம். வழக்கமான வரம்பு மில்லிக்கு 500 நானோகிராம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதை 10-ஆல் பெருக்கி வரம்பாக வைக்கலாம். 72 வயதுக்காரருக்கு 720. வயதானால் டி-டைமர் தானாகவே கொஞ்சம் ஏறும் என்பதால் வந்த ஏற்பாடு இது. தேவையில்லாத எத்தனையோ ஸ்கேன்களை இது தவிர்க்கிறது. மாறாக, சந்தேகம் வலுவாக இருந்தால் டி-டைமருக்காகக் காத்திருக்கக் கூடாது, நேராக ஸ்கேன்தான்.

சிடி பல்மனரி ஆஞ்சியோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் தானே விளங்கும். கை நரம்பில் ஊசி ஏற்றி, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4 மில்லி அளவில் வேகமாகச் செலுத்துவார்கள். அது நுரையீரல் தமனியில் நிரம்பி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குள் படம் எடுத்தாக வேண்டும். ரத்தம் வெள்ளையாகத் தெரியும், அதன் நடுவே கட்டி இருண்டு தெரியும். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். இன்னொன்று: மூச்சை நிறுத்தச் சொல்லும்போது ஆழமாக இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் குபுக்கென்று இதயத்துக்குள் வந்து, சரியாகப் படம் எடுக்கும் நொடியில் தமனியை மங்கலாக்கிவிடும். இயல்பாக இருந்த இடத்தில் மூச்சை நிறுத்தினால் போதும்.

2006-ல் வெளியான பயோபெட்-2 ஆய்வில் இந்த ஸ்கேன் ரத்தக்கட்டி உள்ளவர்களில் 83 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது, இல்லாதவர்களில் 96 சதவீதம் பேருக்கு இல்லை என்று சரியாகச் சொன்னது. அன்றைய மெஷின்களைவிட இன்றைய மெஷின்கள் பல மடங்கு வேகமானவை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு பலன். கட்டி இல்லை என்றால், வேறு என்ன என்பதையும் இந்த ஸ்கேனே பெரும்பாலும் சொல்லிவிடும். நிமோனியா, நீர்க்கோவை, எக்ஸ்ரேயில் ஒளிந்திருந்த புற்றுக்கட்டி என எதுவாகவும் இருக்கலாம். கட்டி இருந்தால், இதயத்தின் வலது கீழறை இடதைவிடப் பெரிதாக உப்பியிருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு தீவிரம் என்பதையும் கணிக்கலாம்.

வி-க்யூ ஸ்கேன் முற்றிலும் வேறு தத்துவம். கட்டியை அது பார்ப்பதில்லை. காற்று எங்கெல்லாம் போகிறது என்று ஒரு படம், ரத்தம் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்று ஆப்பு வடிவத்தில் ஓர் இடம் விடுபட்டிருந்தால், அங்கே தமனி அடைபட்டிருக்கிறது. ரத்தப் படத்துக்கு, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்ணிய புரதத் துகள்களை நரம்பில் செலுத்துவார்கள். அவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி நிற்கும். கேட்கும்போது அச்சமாக இருக்கும்தான். ஆனால் ஆயிரத்தில் ஒரு நுண்குழாய்க்கும் குறைவாகத்தான் அடைபடும். சில மணி நேரத்தில் துகள்கள் கரைந்துவிடும். டெக்னீசியத்தின் கதிரியக்கமும் ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். காற்றுப் படத்துக்குக் கதிரியக்க வாயுவையோ டெக்னிகாஸ் என்ற மிக நுண்ணிய கரித்தூள் புகையையோ சுவாசிக்கச் சொல்வார்கள். டெக்னிகாஸ் ஆஸ்திரேலியாவில் 1980-களில் உருவானது. அமெரிக்காவில் 2023-ல்தான் அனுமதி கிடைத்தது.

இதில் அயோடின் இல்லை. ஆகவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கான்ட்ராஸ்ட் மருந்தால் முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் இது நல்ல வழி. கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட்; சாதாரண நெஞ்சு சிடியில் அது 5 முதல் 7 வரை போகும். ரத்தப் படம் முழுக்க நார்மல் என்றால் ரத்தக்கட்டி இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பிரச்சினை எங்கே என்றால், ஏற்கெனவே நோயுற்ற நுரையீரலில். புகை பிடித்து நுரையீரல் விரிந்துபோனவர்களுக்குக் காற்றே ஒழுங்காகப் போகாது; காற்றுப் படமும் ஓட்டை, ரத்தப் படமும் ஓட்டை. 1990-ல் வந்த முதல் பயோபெட் ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு வி-க்யூ முடிவு "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற நடுவாந்திரத்திலேயே நின்றது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. அன்று தட்டையாக எடுத்த படங்களை இன்று ஸ்பெக்ட் முறையில் முப்பரிமாணமாக எடுக்கிறார்கள். குழப்பமான முடிவுகள் அதனால் நன்றாகவே குறைந்துவிட்டன.

அப்படியானால் எதைத் தேர்வு செய்வது? மூச்சுத் திணறி அவசர சிகிச்சைக்கு வந்தவருக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், நான் தயங்காமல் சிடி ஆஞ்சியோ பக்கம்தான். வேகம், விடை, வேறு நோய்களையும் காட்டும் திறன் மூன்றும் அதில் இருக்கின்றன. ரத்த அழுத்தம் விழுந்து, மெஷின் வரைக்கும் கொண்டுபோகவே முடியாத நிலையில் இருப்பவருக்குப் படுக்கையிலேயே எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் எடுத்து, வலது இதயம் திணறுகிறதா என்று பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். இளம் வயது, சுத்தமான எக்ஸ்ரே, நிலையான ரத்த அழுத்தம் என்றால் வி-க்யூவைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். முக்கியமாக இளம் பெண்களுக்கு. சிடியில் மார்பகத் திசுவில் விழும் கதிர்வீச்சு வி-க்யூவைவிட அதிகம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் வீட்டார் மிகவும் பயப்படுவார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஸ்கேனையே மறுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு ஸ்கேனிலும் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. கண்டுபிடிக்காமல் விட்ட ரத்தக்கட்டி தாய் சேய் இருவருக்குமே ஆபத்து. ஒரு கால் வீங்கியிருந்தால் முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட். அங்கேயே கட்டி தெரிந்துவிட்டால் நெஞ்சு ஸ்கேன் இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம். தெரியாவிட்டால் எக்ஸ்ரே. அது சுத்தமாக இருந்தால், வி-க்யூவின் ரத்தப் படத்தை மட்டும் குறைந்த அளவு மருந்தோடு எடுக்கலாம்.

மாதங்கள் கழித்தும் தீராத மூச்சிரைப்பு

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

ரத்தக்கட்டி வந்த ஒருவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை 3 மாதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பெரும்பாலானவர்களுக்கு உடம்பே கட்டியைக் கரைத்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் அது கரையாமல், தமனியின் உட்சுவரோடு ஒட்டி, தழும்பாக மாறிவிடுகிறது. குழாய் குறுகக் குறுக நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது, வலது இதயம் தள்ளாடத் தொடங்குகிறது. இதில் கொடுமை என்னவென்றால், முதலில் ரத்தக்கட்டி வந்ததே தெரியாதவர்களும் இந்த நிலைக்கு வருகிறார்கள். வயசாகிவிட்டது, எடை கூடிவிட்டது, பயிற்சி இல்லை என்றெல்லாம் சொல்லி மாதங்களும் வருடங்களும் ஓடிவிடும்.

இவர்களுக்கு சிடி ஆஞ்சியோ எடுத்து, "புதிய கட்டி இல்லை" என்று அறிக்கை வந்துவிட்டால் போதும், கதவு மூடிவிடும். ஆனால் பழைய கட்டி புதிய கட்டி மாதிரி இருக்காது. வெள்ளை ரத்தத்தின் நடுவே இருண்ட உருண்டையாக அது நிற்பதில்லை. சுவரை ஒட்டி மெல்லிய பட்டையாகவோ, குழாய்க்குள் குறுக்கே கட்டிய நூல் மாதிரியோ, வலை மாதிரியோ இருக்கும். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். 2007-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இந்த நோய் உள்ளவர்களை வி-க்யூ ஸ்கேன் 96 சதவீதத்துக்கு மேல் பிடித்தது. சிடி ஆஞ்சியோ பிடித்தது 51 சதவீதம்தான். அதற்குப் பிறகு சிடி எவ்வளவோ முன்னேறிவிட்டது, இரட்டை ஆற்றல் சிடியில் ரத்தம் போகாத இடங்களை வண்ணப் படமாகவே காட்டலாம், தேர்ந்த கண்கள் பார்த்தால் இந்த இடைவெளி பெரிதும் சுருங்கும். ஆனாலும் காரணம் தெரியாத நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு, பழைய ரத்தக்கட்டி இல்லை என்று விலக்க வி-க்யூவைத்தான் 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

மூன்று மணி நேரப் பயணம் செய்தாவது இந்த ஸ்கேனை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நுரையீரல் ரத்த அழுத்த நோய்களிலேயே, அறுவை சிகிச்சையால் கிட்டத்தட்ட முழுமையாகக் குணமாகும் வாய்ப்புள்ளது இதுதான். உடம்பை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சில நிமிடங்கள் நிறுத்தி வைத்து, தமனியின் உட்சுவரோடு ஒட்டிய தழும்பை வார்ப்பு எடுப்பது போல உரித்து எடுத்துவிடுவார்கள். கத்தி எட்டாத நுண்கிளைகளுக்கு பலூன் சிகிச்சை உண்டு, ரியோசிகுவாட் மருந்து உண்டு. இவ்வளவு வழிகள் இருந்தும், யாரும் ஒரு வி-க்யூ எடுக்கச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

வரிசை இப்படிப் போகும். முதலில் எக்கோ. இதயத்தின் மூவிதழ் வால்வு வழியாகப் பின்னால் பீச்சும் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம். எக்கோ கணிப்புதான் சொல்லும், அளவெடுத்து உறுதி செய்யாது. அப்புறம் வி-க்யூ. அதில் ஓட்டைகள் தெரிந்தால் சிடி ஆஞ்சியோ, எங்கே எவ்வளவு தூரம் என்று வரைபடம் எடுக்க. இறுதியாக வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பது. சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்தம் என்பது இப்போதைய வரையறை. முன்பு இந்த எல்லைக்கோடு 25 ஆக இருந்தது. இந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1929-ல் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரைக்கும் தள்ளி, நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956-ல் குர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எக்கோவில் அழுத்தம் அதிகம் என்று வந்தவருக்கு நுரையீரல் திசுவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தமனிகளுக்குப் பதிலாகச் சிறு சிரைகள் அடைபடும் அரிய நோய் ஒன்று இருக்கிறது. அதில் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தால் நுரையீரலில் நீர் நிரம்பிவிடக்கூடும். சிடியில் தெரியும் மெல்லிய கோடுகளும் பனிமூட்டம் போன்ற வெண்மையும் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரும்.

நுரையீரல் தழும்பு: இங்கே கான்ட்ராஸ்ட் வேண்டாம்

வறட்டு இருமல், மெல்ல மெல்லக் கூடும் மூச்சிரைப்பு, முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பிரிப்பது போன்ற சத்தம். இவருக்கு வேண்டியது ஹெச்ஆர்சிடி. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் எடுக்கும் நுண்ணிய துண்டுப் படங்கள். "கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே" என்று பலர் கேட்பார்கள். தெரியாது. நுரையீரல் திசுவில் காற்றே இயற்கையான கான்ட்ராஸ்ட். சிடியில் தண்ணீரின் அளவு பூஜ்யம், காற்றின் அளவு மைனஸ் 1000. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் மருந்து ஊற்றினால் நுண்ணிய மாற்றங்கள் குழம்பத்தான் செய்யும்.

சில சமயம் குப்புறப் படுக்க வைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் பின்பக்கம் தன் எடையாலேயே கொஞ்சம் அமுங்கி வெள்ளையாகத் தெரியும். குப்புறப் படுத்ததும் அது மறைந்தால் நோய் இல்லை, மறையாவிட்டால் நோய். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் எடுப்பதுண்டு. சிறு குழல்களில் காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும். தேன்கூடு போன்ற ஓட்டைகள் நுரையீரலின் அடிப்பகுதியில், விளிம்பை ஒட்டி அடுக்காகத் தெரிந்து, மருத்துவரின் மற்றக் கண்டுபிடிப்புகளும் அதோடு பொருந்தினால், திசு எடுத்துப் பார்க்கும் அறுவையே தேவைப்படாமல் போகலாம். மூச்சிரைக்கும் ஒருவரை அந்த அறுவையிலிருந்து காப்பாற்றுவது சின்ன விஷயமா?

ஒன்றை மறக்கக் கூடாது. ஹெச்ஆர்சிடி எடுத்தவருக்கு "ரத்தக்கட்டி இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் படம் அந்தக் கேள்விக்கு எடுத்ததில்லை.

நுரையீரலில் புள்ளி, புற்றுநோய் பயம்

நீண்ட காலம் புகைத்தவர்களுக்கு, அறிகுறி வரும் முன்பே புற்றுநோயைத் தேடிப் பார்க்கலாமா? எக்ஸ்ரேயால் பயனில்லை. ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தும் நுரையீரல் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்று 2011-ல் சொன்னது. அதே ஆண்டு வெளியான என்எல்எஸ்டி ஆய்வில் 53,454 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தவர்களிடம் அந்த இறப்பு 20 சதவீதம் குறைந்தது. இந்த சிடியில் கதிர்வீச்சு 1.5 மில்லிசீவர்ட் அளவுதான். ஆனால் அதே ஆய்வில், சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 100-க்கு 96 புற்றுநோயே இல்லை. புகைத்த வரலாறே இல்லாத ஒருவர் மன நிம்மதிக்காக இதை எடுத்தால், நிம்மதிக்குப் பதிலாக மாதக்கணக்கில் கவலைதான் மிஞ்சும்.

புள்ளி ஒன்று தெரிந்துவிட்டது என்றால் உடனே பெட் சிடிக்கு ஓடுபவர்கள் நிறைய. பெட் சிடி சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் திசுவைக் காட்டும். புற்றுநோய் உறிஞ்சும்தான். காசநோயும் உறிஞ்சும், பூஞ்சைத் தொற்றும் உறிஞ்சும். மறுபக்கம், 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகளும் மெதுவாக வளரும் சில புற்றுநோய்களும் அதில் ஒளிராமல் ஏமாற்றிவிடும். புற்றுநோய் என்று உறுதியானவருக்கு, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்ப்பதில் அதற்கு இணையில்லை. சிறு புள்ளிக்குப் பொறுமையாகச் சில மாதம் கழித்து இன்னொரு சிடி எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே பெரும்பாலும் நல்ல முடிவு.

அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும்

காற்று ஒலி அலையைத் தடுத்துவிடும் என்பதால் நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் உதவாது என்று நாங்கள் படித்தோம். அது பாதி உண்மை. உறையில் சேர்ந்த நீர், நுரையீரல் சுருங்கி வெளியே நிற்கும் காற்று, நுரையீரலில் ஊறும் நீர் ஆகியவற்றைப் படுக்கை அருகிலேயே சில நிமிடங்களில் அது காட்டிவிடும். நின்று எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரிய ஏறக்குறைய 200 மில்லி நீர் சேர வேண்டும். அல்ட்ராசவுண்டுக்கு அதில் சிறு பங்கு போதும். நீரை ஊசியால் எடுக்கும்போது இடம் குறிக்கவும் இதைத்தான் நம்ப வேண்டும்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நுரையீரல் பெரும்பாலும் காற்று, எம்ஆர்ஐக்குத் தேவையான தண்ணீர் அதில் குறைவு, அதனால் படம் மங்கல். ரத்தக்கட்டிக்காக எடுத்த எம்ஆர்ஐ படங்களில் நான்கில் ஒன்று தரமில்லாமல் போனதாக 2010-ல் வந்த பயோபெட்-3 ஆய்வு சொன்னது. இதயத்தின் வலது பக்கம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதிலும், அடிக்கடி படம் தேவைப்படும் குழந்தைகளுக்கும் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. சிறப்பு முறையில் தயாரித்த செனான் வாயுவைச் சுவாசிக்க வைத்து, காற்று எங்கே போகிறது என்று எம்ஆர்ஐயிலேயே பார்க்கும் முறைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இதை ஆவலோடு கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கேனுக்குப் போகும் முன்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் "சிடி செஸ்ட்" என்று மட்டும் இருந்தால், "எதைப் பார்ப்பதற்காக?" என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். "மூச்சிரைப்பு 8 மாதமாக, முன்பு காலில் ரத்தக்கட்டி" என்ற ஒரு வரி போதும். எப்படி எடுப்பது, எங்கே உற்றுப் பார்ப்பது இரண்டுமே மாறிவிடும். கான்ட்ராஸ்ட் போடுவதாக இருந்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். தைராய்டு கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கர்ப்பம், முன்பு கான்ட்ராஸ்டால் வந்த ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் கான்ட்ராஸ்ட் கூடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியில்லை, அந்த ஒவ்வாமை மீனின் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல.

அப்புறம் பழைய படங்கள். அறிக்கைத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, படம் இருக்கும் குறுந்தகட்டைத் தொலைத்துவிடுகிறோம். எனக்கு வேண்டியது அந்தத் தகடுதான். இன்று பார்க்கும் 7 மில்லிமீட்டர் கெட்டிப் புள்ளி, இரண்டு வருடத்துக்கு முன் வேறெதற்கோ எடுத்த சிடியிலும் அதே 7 மில்லிமீட்டராக இருந்தால், பெட் சிடியும் ஊசிப் பரிசோதனையும் இல்லாமலே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.